கறுப்புக் காராமணிச் சோறு

அறுபதுகளின் நடுவில் என் தங்கையின் கணவர் கப்பல் வேலையை விட்டுச் சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரர். சர்க்கரை ஏற்றுவதற்காக அந்தக் கப்பல் கியூபாவுக்குப் போய் வாரக்கணக்கில் நிற்குமாம். துறைமுகத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஓர் அம்மாளிடம் அந்த ஊர்ச் சமையலைக் கற்றுக்கொண்டிருந்தார். நெஞ்சுச் சளி முற்றிவிட்டதால் இனிக் கடல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கரையில் வேலை கிடைக்காவிட்டால் மறுபடி கப்பல்தான் என்பார் மச்சான். அதைக் கேட்கும்போதெல்லாம் தங்கை எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அண்ணாமலை நகரில் ஒரு விருந்தினர் விடுதியில் நான் குமாஸ்தா. கடலூர்ப் பக்கத்துக் கரும்பு வயல்களைப் பார்க்க வந்த கியூபாக்காரர் ஒருவர் அங்கே தங்கியிருந்தார். எங்கள் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் வைத்தே காலம் தள்ளினார். விடுதிச் சமையல்காரர் விலகியிருந்த நேரம். மேனேஜரிடம் மச்சானைப் பற்றிச் சொன்னேன்.

"அவரு ஊர் சாப்பாட்ட ஒருவேள ஆக்கிப் போடச் சொல்லு. மனுசன் ஒழுங்கா சாப்ட்டா வேல உன் மச்சானுக்கு. இல்லன்னா இந்தப் பேச்ச மறுபடி எடுக்காத," என்றார்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்று முதல் எனக்கே சோறு இறங்கவில்லை. மச்சான் அந்தச் சமையலைக் கரையில் ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. அந்த ஊர்க் கறுப்பு அவரைக்குப் பதிலாகக் கறுப்புக் காராமணி. அவர்களுடைய புளிப்பு ஆரஞ்சுக்கு நாரத்தங்காய். மரவள்ளிக்கிழங்கும் மொந்தன் வாழைக்காயும் மட்டும்தான் எங்கேயும் ஒன்று.

கூடமாட ஒத்தாசைக்குத் தங்கையும் விடுதி அடுப்படிக்கு வந்தாள். மச்சான் வேகவைத்த ஆட்டுக்கறியை நார் நாராகப் பிய்த்தார்.

"இதுக்கு அவுங்க பாஷையில பழந்துணின்னு பேரு."

"நல்ல பேரு. மொளகாயும் போடல. விருந்தா, பத்தியமா?" என்றாள் தங்கை.

"தொணதொணக்காத. பூண்ட உரி."

நடுப்பகல் லுஹர் தொழக் கிளம்பும்போது, "தீய அடக்கி வை, கெளறாத," என்று சொல்லிவிட்டுப் போனார். காராமணி வெந்த கறுப்புத் தண்ணீரிலேயே அரிசியைப் போட்டிருந்தார். அந்தத் தண்ணீர் முழுவதும் சோற்றில் சுண்ட வேண்டும். ருசியும் நிறமும் அதில்தான். நாங்களோ வெந்த சோற்றை வடித்தே பழகியவர்கள்.

நான் மேசையில் தட்டுகளைச் சரிபார்த்துவிட்டு வந்தபோது பானை சாய்ந்திருந்தது. கீழே கஞ்சிச் சட்டியில் மசி போலக் கறுப்புத் தண்ணீர்.

"என்னா பண்ணிட்ட?"

"சோறு பதமா இருந்துச்சு அண்ணே. உட்டா கொழஞ்சிடும்னு..." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது.

மச்சான் வந்து பானையைப் பார்த்தார். சோறு சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

"தண்ணிய கொட்டிட்டியா?"

"கஞ்சிய யாராச்சும் கொட்டுவாங்களா?" என்றாள் அழுதுகொண்டே.

"தொறமொகத்து அம்மா சில நாளு இத வெள்ளச் சோத்துமேல கொழம்பா ஊத்தும். இது வெள்ளையும் இல்ல, கறுப்பும் இல்ல. பாப்போம்."

வெங்காயமும் பூண்டும் சீரகமும் வதக்கி, கொஞ்சம் காராமணியை மசித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிக் கெட்டியாக்கினார். கடைசியில் நாரத்தஞ்சாறு.

கியூபாக்காரர் சோற்றைக் கரண்டியால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மேனேஜர் என்னையே பார்த்தார். பிறகு அந்த மனிதர் குழம்புக் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். முழுவதையும் சோற்றின்மேல் கவிழ்த்துக்கொண்டார். கிழங்கும் வாழைக்காய் வறுவலும் காலியாயின. கிண்ணத்தை இன்னொருமுறை நீட்டினார். கறியில் மட்டும் பாதி மிச்சம் வைத்துவிட்டார்.

அந்தப் பாதி என்னை உறுத்தியது. மேனேஜர் தட்டைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"கறி மீந்துபோச்சே."

மச்சான் கரண்டியைக் கீழே வைத்தார்.

"காலையில அவருக்கு காப்பி எப்ப குடுப்ப?" என்று மச்சானைக் கேட்டார் மேனேஜர்.

மச்சானுக்கு உடனே புரியவில்லை. எனக்கும்தான்.

"விடியக்காலயில சுபுஹு தொழுதுட்டு வந்துடுறேன் சார்," என்றார் கடைசியில்.

மேனேஜர் போன பிறகும் தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. கழுவி முடித்த கஞ்சிச் சட்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.