ஒட்டாத கந்தகம்

தெயோ பிறந்த நாளிலிருந்து எடித் ஒக்வான் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்துவந்தாள். காலையில் வெளிச்சம் வந்ததும் பிள்ளையை ஜன்னலோரம் கொண்டுபோய்க் கீழிமையை மெல்ல இழுத்துப் பார்ப்பாள். கண் வெள்ளையாக இருந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

காரணம், மார்த். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பிறந்த மூத்தவள். மூன்றாம் மாதம் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, நான்காம் மாதம் கல்லீரல் கைவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஏதோ தொற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். எடித் நம்பவில்லை. கேப் பிரெட்டன் தீவில் ஷெட்டிக்காம்ப் துறைமுகத்து நண்டு ஆலையில் பதினாறு வருஷம் குளோரின் தண்ணீரில் கை வைத்து நின்றவள் அவள். வயிற்றுப் பிள்ளையோடும் நின்றாள். அந்தத் தண்ணீர்தான் மகளைக் கொன்றது என்று தனக்குள் முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டு, மளிகைக் கடைக் கல்லாவில் போய் உட்கார்ந்தாள். இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று கணவன் லூசியனிடம் சொல்லியும் விட்டாள். இருந்தும் நாற்பதாவது வயதில் தெயோ வந்தான்.

மார்ச் கடைசி. தெயோவுக்கு மூன்று மாதம். வளைகுடாவில் பனிக்கட்டி இன்னும் விலகவில்லை. லூசியன் கூடத்தில் உட்கார்ந்து நண்டு பிடிக்கும் கூடுகளுக்குக் கயிறு முடிந்துகொண்டிருந்தான்.

"லூசியன், இங்க வா. இவன் கண்ணைப் பாரு."

அவன் வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"வெளிச்சத்துல மஞ்சளாத் தெரியுது."

"வெளியே பனி கொட்டுது. வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

லூசியன் கார் சாவியைத் தேடப் போனான்.

ஹாலிஃபாக்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஐந்து மணி நேரம். எடித் பின்சீட்டில் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தபடியே வந்தாள். தீவைக் கரையோடு இணைக்கும் கேன்சோ பாலம் தாண்டியபோது லூசியன் முதல்முறையாக வாய் திறந்தான்.

"இது மார்த் இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொல்லல. எனக்கு நானே சொல்லிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் கில்லிஸ் என்ற பெண்மணி. அவரும் கேப் பிரெட்டன்காரர்தான்; தீவின் அந்தப் பக்கம். கல்லீரல் வேலை செய்யவில்லை, ரத்தம் உறைய நேரமாகிறது என்றார். உறைவதை ஓர் எண்ணால் சொல்வார்கள். ஒன்று என்றால் நல்லது, ஏற ஏற ஆபத்து. தெயோவுக்கு இரண்டைத் தாண்டியிருந்தது. மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் போயிற்று. முடிவு வர இரண்டு வாரம். அதற்குள் லூசியனையும் பரிசோதித்தார்கள். அவன் கல்லீரலில் ஒரு துண்டு மகனுக்குப் பொருந்தும். மாண்ட்ரியலில் வைத்து மாற்றலாம்.

"எடுத்துக்கட்டும். இத்தனை வருஷம் பீர் ஊத்தி வளர்த்தது," என்றான் லூசியன்.

"அதை மாண்ட்ரியல்ல போய்ச் சொல்லிடாத," என்றாள் எடித். அந்த வாரத்தில் அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவனுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அவளுக்கு அதுவும் இல்லை. குழந்தையின் வயிறு ஒவ்வொரு நாளும் இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்த்தின் வயிறு எந்த நாளில் எப்படி இருந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். தெயோ அதே படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தான்.

முடிவு வந்த அன்று கில்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற சின்னச் சின்ன உறுப்பு இருக்கு. அதுங்களுக்குள்ளயும் புரதம் கட்டணும். கட்டறதுக்கான குறிப்பை மூணு மூணு எழுத்தாப் படிச்சு, அந்தந்த இடத்துக்குச் சரியான துண்டைக் கொண்டுவர்றது டி.ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு. சிலதுல அந்தப் படிக்கிற முனையில ஒரு கந்தக அணு ஒட்டியிருக்கணும். ஒட்டியிருந்தாத்தான் எழுத்தை அழுத்தமாப் பிடிச்சு ஒழுங்காப் படிக்கும். உங்க பையனுக்கு அதை ஒட்டுற நொதி பலவீனம். கந்தகம் இல்லாம அது தடுமாறுது. புரதம் கட்டறது மெதுவாகுது, பிழையாகுது, பாதியில நிக்குது. முதல்ல அடிவாங்குறது கல்லீரல்."

"ஒரே ஒரு அணுவா?" என்றாள் எடித்.

"ஒரே ஒரு அணு."

எடித் தன் கைகளைப் பார்த்தாள். "நான் நண்டு ஆலையில இருந்தேன் டாக்டர். மூத்தவ வயித்துல இருக்கும்போது. குளோரின்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பாதிக் குறை உங்ககிட்டேருந்து, பாதி இவர்கிட்டேருந்து. ரெண்டு பேருக்கும் தெரியாமலே. மூத்தவளுக்கும் இதுவே இருந்திருக்கலாம்."

ஒன்பது வருஷமாகச் சுமந்ததை அந்தப் பெண் இரண்டு வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்டார். எடித்துக்கு அழுகை வரவில்லை. கில்லிஸ் அடுத்துச் சொன்னதுதான் அவளை உலுக்கியது. இந்த நோயில், முதல் சில மாதங்களைக் கடந்துவிடும் குழந்தைகளின் கல்லீரல் பெரும்பாலும் தானாகவே தேறிவிடுகிறது. கைக்குழந்தையின் உடம்புக்குக் கந்தகம் தரும் சத்தைத் தானே தயாரிக்கத் தெரியாது. வளர வளரத் தெரிந்துகொள்ளும். அதுவரை அந்தச் சத்தை மருந்தாகக் கொடுத்துக் காத்திருக்கலாம்.

அப்படியானால் மார்த் இன்னும் சில வாரம் தாங்கியிருந்தால் போதும். இதை எடித் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"காத்திருக்கிறதுன்னா சாக விடறதுன்னு அர்த்தமா?" என்றான் லூசியன். குரல் உயர்ந்திருந்தது. "என்கிட்ட இருக்கு, எடுங்கன்னு சொல்றேன். நீங்க மருந்து ஊத்திப் பார்க்கலாம்கிறீங்க."

"எண் மூணைத் தொட்டா அன்னிக்கே மாண்ட்ரியலுக்கு விமானம் ஏத்திடுவேன். அதுவரைக்கும் பொறுக்கலாம்னு என் அபிப்பிராயம். முடிவு உங்களோடது."

இருவரும் தாழ்வாரத்தில் நின்றார்கள்.

"போயிடலாம் எடித். ஒருத்தியைச் சும்மா பார்த்துக்கிட்டிருந்தே பறிகொடுத்தோம்."

"அறுத்துப் போட்டு அவன் மேஜையிலயே போயிட்டா? தானாத் தேறியிருப்பான்னு அப்புறம் தெரிஞ்சா?"

"தேறலைன்னா?"

எடித் கதவு வழியாகத் தெயோவைப் பார்த்தாள். "மூணு வரைக்கும்," என்றாள். "மூணைத் தொட்டா உன் இஷ்டம்."

அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் பையைக் கட்டித் தயாராகக் கதவோரம் வைத்தான்.

மருந்து தொடங்கியும் எண் ஏறியது. இரண்டு புள்ளி நான்கு. இரண்டு ஆறு. ஏழாம் நாள் காலை இரண்டு ஒன்பது. தெயோவின் ஈறில் ரத்தம் கசிந்தது. எடித் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், இவனையும் நானே கொன்றுவிட்டேன் என்று மனதுக்குள் அதே இரண்டு வரி சுற்றிச் சுற்றி வந்தது. லூசியன் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றான். அவன் கோட்டோடு நின்றது அவளுக்கு எந்தத் திட்டையும்விடக் கொடுமையாக இருந்தது.

மத்தியானம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இரண்டு ஒன்பது. மறுநாள் இரண்டு எட்டு. கில்லிஸ் முகத்தில் எதுவும் காட்டவில்லை. நான்கு நாள் அங்கேயே நின்ற எண், ஐந்தாம் நாள் இரண்டு ஐந்துக்கு இறங்கியபோதுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். லூசியன் கோட்டைக் கழற்றினான்.

பிறகும் வாரக்கணக்காயிற்று. ஒரு முறை காய்ச்சல் வந்து மறுபடி ஏறிற்று, இறங்கிற்று. நண்டுப் பருவம் தொடங்கியதும் லூசியனின் படகை அவன் தம்பி ஓட்டினான். ஜூன் கடைசியில், மஞ்சள் போய்க் கன்னம் வைத்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆபத்து தாண்டிவிட்டது என்று கில்லிஸ் எழுதியே கொடுத்தார். எடித் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள். நம்பியதாகச் சொல்ல முடியாது.

அடுத்த வசந்தத்தில் ஒரு நாள், கடையில் ஒருவருக்கு உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் கொரீன் போன் செய்தாள். "காய்ச்சல் முப்பத்தெட்டரை இருக்கு அண்ணி. அழுதுக்கிட்டே இருக்கான்." எடித் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். வீட்டுக்கு நாலு நிமிஷப் பாதை. எந்தத் துணியை எடுப்பது, எங்கே பெட்ரோல் போடுவது என்று வழியெல்லாம் ஹாலிஃபாக்ஸ் பயணத்தைத் திட்டமிட்டுக்கொண்டே வந்தாள்.

கொரீன் பிள்ளையை மடியில் வைத்து வாயைத் திறந்து காட்டினாள். பின்ஈறு சிவந்து வீங்கி, நடுவில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"கடைவாய்ப் பல்," என்றாள் கொரீன். "கடிக்கிறான், பார்த்து."

எடித் விரலை விட்டுப் பார்த்தாள். கடித்தான். அவள் விரலை எடுக்கவில்லை.