பாவசங்கீர்த்தனமும் ஸ்ரீரங்கம் பஸ்ஸும்

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். திருச்சி நூறு கிலோமீட்டர். டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். மணப்பாறையில் ஜன்னல் வழியாக ஐம்பது ரூபாய்க்கு முறுக்கு வாங்கிக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்கத்தான் பயணம். வைணவக் குடும்பத்து ஆசிரியர் ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. குற்றம் என்னுடையது. அப்பா இறந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை; அடக்கம் முடிந்த பிறகு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

எட்டரைக்குச் சத்திரம் பேருந்து நிலையம். ஸ்ரீரங்கம் டவுன் பஸ் கண்ணெதிரே நின்றது. நான் ஏறவில்லை. அருகிலிருந்த தேவாலயத்துக்குள் போய், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுகொண்டேன். கத்தோலிக்கர்களான எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வசதி. மனிதரிடம் சொல்லக் கூசுவதைக் கடவுளிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பிவிடலாம்.

கம்பி வலைக்கு அந்தப்பக்கம் இருந்த குரு என்னைவிட இருபது வயது இளையவர். எல்லாவற்றையும் கேட்டார்.

"அக்கா எங்க இருக்காங்க?"

"ஸ்ரீரங்கத்துல, ஃபாதர்."

"இங்கதானே! பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தவனையே, முதல்ல போய் உன் சகோதரனோட சமாதானமாகு, அப்புறம் வான்னு திருப்பி அனுப்பினவர் நம்ம ஆண்டவர். நீங்க பஸ் ஏறுங்க."

பரிகாரமாக இரண்டு செபம் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு டவுன் பஸ். பத்து ரூபாய். காவிரியில் மணல் பாதி, தண்ணீர் பாதி. பக்கத்து இருக்கைக்காரர், "கோயிலுக்கா?" என்றார்.

"இல்லைங்க, அக்கா வீட்டுக்கு."

"அப்ப ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்று சிரித்தார்.

அக்கா உத்திர வீதியில் குடியிருக்கிறாள். கதவைத் திறந்தவள் வழிவிட்டாள். முறுக்கை நீட்டினேன். "இன்னைக்கு ஏகாதசி. அரிசி மாவு சேர்க்க மாட்டோம்" என்று அலமாரியில் வைத்தாள். சமாதானம் பேச வந்தவன், விரத நாளில் பலகாரத்தோடு நின்றேன்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அப்பா கடைசி ரெண்டு நாளும் உன்னைத்தான் கேட்டார்க்கா. பெரியவ வந்துட்டாளான்னு. நீ போனதுல அவருக்கு இன்னும் கோபம்னு நானா முடிவு பண்ணி, உனக்குச் சொல்லாம விட்டேன். அவர்கிட்ட, நீ வந்துட்டிருக்கேன்னு பொய் சொன்னேன்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

"அப்பா என்னை வேண்டாம்னுட்டே போயிட்டார்னு ஆறு வருஷமா நினைச்சிட்டிருக்கேன்டா."

"மன்னிச்சிடுக்கா."

"இன்னைக்கு அது வாயில வரல." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் வா. வந்து திரும்பக் கேளு. அப்பவும் வரலைன்னா, அதுக்கு அடுத்த மாசம் வா."

மாலை நான்கு மணிக்குத் திருச்சியிலிருந்து கிளம்பினேன். எத்தனை தடவை மன்னிக்க வேண்டும், ஏழு தடவையா என்று சீடர் ஒருவர் கேட்டதையும், எழுபது தடவை ஏழு என்று ஆண்டவர் சொன்னதையும் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். மன்னிக்கிறவர்கள் பாடு எவ்வளவு கஷ்டம் என்றுதான் நினைத்திருக்கிறேன். தப்பு செய்தவன் அத்தனை தடவையும் போய் வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.