கொட்டாஞ்சேனை வீட்டின் நடுச்சுவர்

டிசம்பர் பிறந்து, நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று கிழமை இருக்கும்போதே, பெரியப்பா வீட்டில் கேக்குக்கு ரவை வறுக்கிற மணம் சுவருக்கு மேலால் ஏறி, ஓட்டுக்கூரையின் கீழ் ஒரு சுற்றுச் சுற்றி, நேரே என் மூக்கில்தான் வந்து இறங்கும். நான் செய்த வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்பேன். "மணத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதை, வெக்கங்கெட்டவளே" என்று அம்மா ஏசுவார். ஆனால் அன்று பின்னேரமே எங்கள் அடுப்பிலும் ரவைச் சட்டி ஏறிவிடும்.

கொட்டாஞ்சேனையில் என் பூட்டனார், துறைமுகத்துக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுத்த காலத்தில் கட்டிய வீடு அது. அவருடைய பேரன்மார் இருவரில் மூத்தவர் பெரியப்பா, இளையவர் என் அப்பா. நான் பிறப்பதற்கு முன்பே இருவருக்கும் ஏதோ பிணக்கு வந்து, பூப்போட்ட தரைக்கல் பதித்த அந்தப் பெரிய "ஹோலை" நட்ட நடுவே பிரித்து ஒரு செங்கற்சுவர் எழுந்துவிட்டது. சுவர் கூரைவரை போகவில்லை, வளை உயரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓடு, ஒரே பூனை. முன்கதவு பெரியப்பா பக்கம் போய்விட்டதால் எங்களுக்கு ஒரு யன்னலைக் கீழே வரை இடித்து வாசலாக்கியிருந்தார்கள். "யன்னல் கதவு" என்றுதான் அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வந்தால், கள்ளர் மாதிரி யன்னலால் வீட்டுக்குள் போகிற குடும்பம் என்று என்னைக் கேலி பண்ணுவார்கள்.

என்ன பிணக்கு என்று கேட்டால், "பெரிய ஆக்களின்ர கதை உனக்கு என்னத்துக்கு?" என்பதோடு சரி. சுவரைக் கட்டியது பெரியப்பா என்பது மட்டும் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. பெரியப்பாவின் மகள் றீற்றா அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரைக் கோயிலில் காண்பேன், தெருவில் காண்பேன், வெள்ளை உடுப்பில் அவ்வளவு வடிவாக இருப்பார், ஆனால் கதைக்கக்கூடாது.

இப்படிக் கதைபேச்சில்லாத வீட்டில் மாலை ஏழு மணிக்கு நடந்ததை இன்றைக்கும் யாரிடமும் எனக்கு ஒழுங்காக விளங்கப்படுத்தத் தெரியாது. ஏழு மணி என்றால் இரண்டு பக்கமும் செபமாலை. செபத்தின் முதற்பாதியை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். ஆரம்பத்தில் யார் குரல் உயர்ந்தது என்ற போட்டியாகத்தான் இருந்திருக்கும். ஒருநாள் அம்மாவுக்கு இருமல் பிடித்து, முதற்பாதியோடு நின்றுவிட்டார். நான் சின்னப் பிள்ளை, தூங்கி விழுந்துகொண்டிருக்கிறேன். அப்போது சுவருக்கு மேலிருந்து ஒரு பெண்குரல், பெரியம்மாவாக்கும், மறுபாதியைச் சொல்லி முடித்தது. அம்மா சுவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த மணியை உருட்டி, அடுத்த முதற்பாதியைச் சொன்னார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முதற்பாதி எங்கள் பக்கம், மறுபாதி அவர்கள் பக்கம். செபம் முடிந்ததும் பழையபடி ஆளுக்கு ஆள் பகை! துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்த அப்பா வேலை முடிந்து வந்து அதைக் கேட்டபடியே சப்பாத்தைக் கழற்றுவார்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கையில் அம்மா படுக்கையில் விழுந்தார். உள் அறையில் கிடந்தால் மறுபாதி கேட்காது என்று கட்டிலை ஹோலுக்குக் கொண்டுவந்து, யன்னல் கதவிலிருந்து ஐந்தடி தள்ளி, அந்தச் சுவரோடு அணைத்துப் போடச் சொன்னார். குரல் தேயத் தேய, அங்கே அவர்கள் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். அம்மா மூச்சு வாங்கி ஒரு சொல்லையும் அடுத்த சொல்லையும் பொறுக்கிச் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கம் ஒரு பாத்திரம்கூட அசையாது. அந்தக் கட்டிலிலேயே அம்மா கண்ணை மூடினார். பெரியப்பா குடும்பம் கோயிலுக்கு வந்தது, அடக்கம் செய்யச் சேமக்காலைக்கும் வந்தது, எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்போது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்கள் மேல் கோபப்படலாமா என்பதும் இன்னும் தெரியவில்லை.

பிறகு நான் கலியாணம் செய்து வெள்ளவத்தைக்குப் போனேன். அப்பாவும் போனபின் எங்கள் பக்கத்தில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள், அவர்களும் போக, பூட்டிக் கிடந்தது. றீற்றா அக்கா கலியாணமே செய்யாமல் தன் பாதியில் தனியே இருந்தார். பெரியவர்கள் எல்லாரும் போய் முடிந்ததும் நாங்கள் இருவரும் கதைக்கத் தொடங்கினோம். நான் அவர் பக்கம் போவேன், தேத்தண்ணீர் குடிப்பேன், ஆனால் அவர் எங்கள் பக்கம் வந்ததில்லை, நானும் ஏனென்று கேட்டதில்லை.

போன வருடம், பழைய வீடுகளைப் பேணுகிற அமைப்பொன்று எங்கள் வீட்டைத் திருத்தித் தர முன்வந்தது. இல்லாவிட்டால் கூரை விழும், விழுந்தால் தொடர்மாடிக்காரர் வாங்கி இடிப்பார்கள், வேறு வழியில்லை. அக்கா சாகும்வரை பின்னறையில் இருக்கலாம். ஆனால் வீடு பூட்டனார் கட்டியபடியே வரவேண்டும், நடுச்சுவர் போகவேண்டும், இரண்டு பங்குக்காரரும் கையெழுத்திட வேண்டும். ஹெவ்லொக் டவுனிலிருந்து வந்த கட்டடக்கலைஞர், ஒரு சின்னப் பிள்ளை, கையில் கொப்பியோடு கேட்டாள்: "அன்ரி, இந்தச் சுவர் ஆர் கட்டினது?"

"பெரியப்பா" என்றேன் நான்.

"சித்தப்பா" என்றார் அக்கா, அதே நேரத்தில்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சொன்ன சித்தப்பா என் அப்பா. அத்தனை வருடம் நான் பெரியப்பாவைத் திட்டிய திட்டெல்லாம் யார் கணக்கில் போனது? அக்காவும் அதையே யோசித்திருப்பார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். "சரி, ஒரிஜினல் இல்லைத்தானே" என்று அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டாள்.

ஒரிஜினல்! அவர்கள் காப்பாற்றப் போகிற முழு வீட்டை நான் ஒருநாளும் கண்டதில்லை. நான் வளர்ந்தது பாதி வீட்டில். என் அம்மா சாய்ந்து கிடந்தது அந்தச் சுவரில். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில், சட்டத்தரணியின் அறையில் பேனையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி இருந்தேன். கையெழுத்து வைக்காவிட்டால் வீடு இல்லை, வைத்தால் என் வீடு இல்லை. பக்கத்தில் இருந்த அக்கா மெல்லக் குனிந்தார்.

"பிள்ளை, சின்னம்மாக்கு மறுபாதி சொன்னது எங்கட அம்மா எண்டுதானே நினைச்சனீ? நான்தான் சொன்னனான். அவ போன அண்டைக்கு நான் வர வெளிக்கிட்டனான், அப்பா விடேல்லை. சாகேக்கையும் கையைப் பிடிச்சு, சுவர் நிக்கிற வரைக்கும் அங்கால மிதிக்கமாட்டன் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டார். எனக்கும் வயசு போட்டுது. அவ படுத்திருந்த இடத்தை ஒருக்கா பாக்கவேணும்."

நான் அழுதுகொண்டே கையெழுத்து வைத்தேன். சட்டத்தரணி பாவம், காணியில் ஏதோ சிக்கல் என்று பயந்துவிட்டார்.

இப்போது வேலை முடிந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "என்ன வடிவு" என்கிறார்கள். வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. யன்னல் கதவு மறுபடி யன்னலாகி, அதைப் போலவே இருக்கிற இன்னும் மூன்றோடு சேர்ந்துவிட்டது. சுவர் நின்ற தடத்தில்கூடப் பழைய பூவையே வார்த்துப் புதுக்கல் பொருத்தி, ஒரு கோடும் தெரியாமல் செய்துவிட்டார்கள். கூரையின் கீழ் காற்று தாராளமாக ஓடுகிறது.

முதல் நாள் அக்கா நல்ல சேலை உடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இந்தப் பக்கம் நடந்து வந்தார். செபமாலையையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"சின்னம்மா எவடத்தில படுத்திருந்தவ?"

நான் ஒரு யன்னலிலிருந்து ஐந்தடி எடுத்து வைத்துப் பார்த்தேன். எங்கள் யன்னல் கதவு அதுதானா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய் மற்ற யன்னலிலிருந்து நடந்தேன். ஒரு இடத்தில் நின்றேன், பிறகு இரண்டடி தள்ளி நின்றேன்.

"இஞ்சையெண்டு நினைக்கிறன், அக்கா."

"நினைக்கிறியோ?" என்றார் அவர். "உனக்குத் தெரியாட்டி வேற ஆருக்கடி தெரியும்?"

உண்மைதான். அந்தக் கட்டிலைக் கண்டவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான்.