புரொகிரஸிவ் என்றால் முன்னேற்றம்

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஆங்கிலப் பைத்தியம் பிடித்திருந்தது. திண்டிவனத்தில் பள்ளிகளுக்கிடையே ஒரு சொற்போட்டி. ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். அதே பொருளில் மூச்சு விடாமல் வேறு சொற்களைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். எங்கள் டீச்சர் எனக்கென்று ஒதுக்கிய சொல் 'குரோ', அதாவது வளர்வது. இன்க்ரீஸ், எக்ஸ்பாண்ட், ஸ்வெல், மவுண்ட், அக்யூமுலேட் என்று அதற்குத்தான் எத்தனை சொந்தக்காரர்கள்!

நான் ஒவ்வொன்றையும் எங்கள் வீட்டில் ஒரு பொருளோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். களத்தில் வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, குவிந்தால் அக்யூமுலேட். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் ஸ்வெல். தம்பியின் கால்சட்டை முழங்காலுக்கு மேலே ஏறினால் குரோ. அப்பாவின் தொந்தி கிராஜுவல். இதை உரக்கச் சொன்னதற்கு அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தச் சொற்களில் ஒன்றுகூடக் கெட்டதில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். வளர்வதும் சேர்வதும் நல்ல விஷயம்தானே?

என்னைத் தினமும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டவர் சித்தப்பா. ஒலக்கூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனாலும் அவருக்கு அந்தச் சொற்களின் சத்தம் பிடித்திருந்தது. காலையில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "ம்... எடுத்து வுடு" என்பார். பின்னால் கூடையும் பையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். "பொண்ணு இன்னாபா, மந்திரம் சொல்லுதா?" என்று ஒரு கீரைக்கார அம்மா கேட்டதும், சித்தப்பா சிரித்த சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது.

அந்த வருடம் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கண்டாச்சிபுரம். அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். தட்டு மாற்றிய அன்று அவள் என் கன்னத்தைக் கிள்ளியதால் அப்போதே சித்தி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில், சித்தப்பாவிடம் சில விநோதங்களை வீடு கவனிக்க ஆரம்பித்தது. சாப்பிடும்போது பக்கத்திலேயே இருக்கும் தண்ணீர்ச் சொம்பைத் தேடுவார். பொழுது சாய்ந்தால் வாசற்படியில் இடித்துக்கொள்வார். "மாப்ள கனவுல கீறாரு" என்று அம்மா கேலி செய்தாள். பிறகு ஒரு நாள் அந்திநேரத்தில், ஓரமாக நிறுத்தியிருந்த டிராக்டரில் ஆட்டோவைக் கொண்டுபோய் உரசினார். சவாரி யாரும் இல்லாததால் பேரிழப்பு இல்லை. ஆனால் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று வீட்டில் குசுகுசுவெனப் பேச்சு நடந்தது. கண்ணைக் காட்டுவதற்குப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் தொற்றிக்கொண்டேன். "அங்க எல்லாம் இங்கிலீஷ்லதான் பேசுவாங்க, நான் வேணும்" என்று சொன்னதை அப்பா உண்மையிலேயே நம்பினார்.

நான் சொன்னபடியே நடந்தது. சொட்டு மருந்து போட்டு நெடுநேரம் காக்கவைத்த பிறகு ஓர் அறைக்குள் அழைத்தார்கள். கணினித் திரையில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய வட்டம். அதன் ஓரமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். அதுதான் சித்தப்பாவின் கண்ணின் உட்புறமாம். டாக்டரம்மா அதைச் சுட்டிக்காட்டி, பக்கத்தில் நின்ற இரண்டு இளம் டாக்டர்களிடம் கடகடவென்று ஆங்கிலத்தில் பேசினார். பாதிக்குமேல் எனக்குப் புரியவில்லை. ஆனால் நடுநடுவே என் சொற்கள் வந்தன. கிராஜுவல் என்றார். பிக்மென்ட் அக்யூமுலேட் ஆகிறது என்றார். ஸ்லோலி புரொகிரஸிவ் என்று இரண்டு முறை சொன்னார். தெரியாத ஊரில் தெருக்கோடியில் நம் வீட்டு ஆட்களைப் பார்த்ததுபோல எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

டாக்டரம்மா அப்பாவிடம் ஒரு சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கிவரச் சொன்னார். சித்தப்பாவை மட்டும் உட்காரச் சொன்னார். நான் அப்பாவின் பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா, சரியாவுதாம்பா! புரொகிரஸிவ்னு சொன்னாங்க. புரொகிரஸ்னா முன்னேற்றம். என் ரேங்க் கார்டு மேலயே போட்டிருக்குமே!"

அப்பா வரிசையில் நின்றபடியே என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். சித்தப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், "டேய், புள்ள சொல்லுது, முன்னேற்றமாமே?" என்றார். சித்தப்பாவின் முகம் என் பக்கமாகத் திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை.

"ஆமாண்ணே. அது சொன்ன வார்த்தையத்தான் டாக்டரும் சொன்னாங்க" என்றார்.

அன்றைக்கு அம்மா கேசரி கிளறினாள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கும் பேச்சு அத்தோடு போனது. சித்தப்பா மட்டும், மருந்து போடும்வரை ஓட்டக்கூடாதாம் என்று சொல்லி ஆட்டோவைக் கூட்டாளி ஒருவரிடம் கொடுத்துவிட்டார். பகலில் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பார். கோழி மண்ணைக் கிளறுவதைக்கூட அப்படி ஒருவர் பார்த்து நான் கண்டதில்லை. வேலை இல்லாத மனிதர் பாவம், பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை எனக்கு ஷூ வாங்கித் தருவதாகச் சொல்லி விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனார். ஷூவும் வாங்கினார். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியதும், ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக் கண்டாச்சிபுரம் பஸ்ஸில் ஏறினார்.

மருந்துக்கடையில் மதிய நேரத்து அமைதி. சித்தி எங்களைப் பார்த்ததும் வெட்கமும் பயமுமாக எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். என் கையில் புளிப்பும் இனிப்புமான சத்து மாத்திரை ஒன்றை வைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் சித்தப்பா. பிறகு மழை வராததைப் பற்றிப் பேசினார். அவர்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை என்று கேட்டார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "டாக்டரம்மா இங்கிலீஷ்ல இன்னா சொன்னாங்கன்னு இவங்களாண்ட சொல்லும்மா" என்றார்.

இதற்காகவா இவ்வளவு தூரம்! நான் போட்டி மேடையில் நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ஸ்லோலி புரொகிரஸிவ். அப்படின்னா மெதுவா முன்னேற்றம். கிராஜுவல்னா கொஞ்சம் கொஞ்சமா. பிக்மென்ட் அக்யூமுலேட் ஆவுது. அக்யூமுலேட்னா சேர்றது." யாரும் கேட்காமலே இன்க்ரீஸ், எக்ஸ்பாண்ட் என்று மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

சித்தி என்னைத் தடுக்கவில்லை. திருத்தவும் இல்லை. மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றிருந்தது.

"ராத்திரில தெரியலீங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"வெளக்கு வச்சதுக்கு மேல ஒண்ணும் தெரியல. போவப் போவ பகல்லயும்..."

"வீட்ல?"

"வீட்ல முன்னேற்றம்னு நெனச்சிக்கினு கீறாங்க."

அப்போது ஒருவர் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார். சித்தி எடுத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகும் தெருவையே பார்த்தபடி நின்றாள். நான் மாத்திரையைக் கரையவிட்டுக்கொண்டு, இவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பேசுகிறார்கள் என்று வேடிக்கை பார்த்தேன்.

"நீங்க வேணாம்னா, கல்யாணம் வேணாம்னு நானே சொல்லிடறேன். உங்க மேல பேச்சு வராது" என்றார் சித்தப்பா.

சித்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பொழுதோட ஊர் போய்ச் சேரணும் நீங்க. வாங்க, பஸ் ஏத்தி வுடறேன்" என்று, பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

கடைக்கு முன்னால் சாக்கடை மேல் ஒரு பலகை போட்டிருந்தது. நல்ல வெயில். சித்தப்பாவுக்கு அந்தப் பலகை தெளிவாகத் தெரிந்திருக்கும். வரும்போது அவர்தான் என்னைப் பிடித்துத் தாண்டவைத்தார். ஆனாலும் சித்தி முதலில் அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று, கையை நீட்டினாள். அவர் தயங்கினார். அவளே அவருடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். பலகையைத் தாண்டிய பிறகும் விடவில்லை. பழக்கடை, டீக்கடை எல்லாவற்றையும் கடந்து பஸ் நிற்குமிடம்வரை அப்படியே கூட்டிக்கொண்டு வந்தாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. டாக்டரம்மா சொன்ன முன்னேற்றம் கண்ணுக்கு அல்ல, நோய்க்கு என்பது மெல்ல வெளியே வந்தபோது அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பெண்வீட்டில் கொஞ்ச நாள் கொதித்தார்கள். "எனக்குத் தெரிஞ்சிதான் கட்டிக்கினேன்" என்று சித்தி சொன்ன பிறகு அடங்கினார்கள். இன்று இருவரும் திண்டிவனத்தில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். ஆனால் குரலைக் கேட்டே, வந்திருப்பவர் சர்க்கரைக்காரரா ரத்தக்கொதிப்புக்காரரா என்று சொல்லிவிடுவார்.

அன்று கண்டாச்சிபுரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். தூசி விழுந்துவிட்டது என்றார். நானும் நம்பினேன். எனக்கு மனசெல்லாம் வேறு யோசனை. கல்யாணத்துக்கு முன்னாடியே, பட்டப்பகலில், நடு பஜாரில் இவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னேன். அம்மா சித்தப்பாவைச் சிரிக்கச் சிரிக்கத் திட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கையைப் பிடித்து நடந்ததுதான் சித்தி அவருக்குச் சொன்ன பதில் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.