கட்டம் போட்ட கொடி

என் இரும்புப் பெட்டியின் அடியில், பழைய பட்டுப்புடவைக்கும் கீழே, ஒரு முழ நீளத்துக்கு லுங்கித் துணி ஒன்று கிடக்கிறது. நீலக் கட்டம் போட்டது. ஓரம் மடித்துத் தைத்தது நான்தான். தையல் கோணலாக இருக்கும், எனக்கு அந்தக் காலத்திலும் ஊசி வேலை வராது. ஒரு பக்கம் மூங்கில் குச்சி நுழைக்க இடம் விட்டிருக்கிறேன். வீடு மாறும்போதெல்லாம் என் மருமகள் அதைக் கரித்துணியாக்கப் பார்ப்பாள். அது கொடி என்று பிடுங்கி வைத்துக்கொள்வேன். எந்தக் கட்சிக் கொடி என்று கேட்பாள். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்பதால்தான் அந்தத் துணி கொடியானது. அதை விளக்க வேண்டுமானால் எங்கள் டிரில் மாஸ்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். கீழ்வேளூரிலிருந்து வயல் வழியே நடந்தால் ஒரு மணி நேரத்தில் வரும் ஒரு கிராமத்தில், நடுநிலைப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பள்ளியின் தாளாளர் ஊர் மிராசுதார். வேலை கொடுப்பதும் எடுப்பதும் அவர் கையில். ஊரில் மிராசுதார்கள் குடியிருந்தது மேலத்தெரு. அவர்கள் வயலில் வேலை செய்தவர்கள் குடியிருந்தது கீழத்தெரு. ஆட்சி மாறியிருந்தது, மேடைக்கு மேடை சமத்துவம் பேசினார்கள், நிலத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டது என்றார்கள். மிராசுதாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அத்தை, மாமன், கைக்குழந்தை என்று எல்லார் பேரிலும் நிலத்தை எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் சம்பா அறுவடையின்போது கூலி நெல் கூடுதலாகக் கேட்டுக் கீழத்தெரு சங்கம் கட்டி வேலையை நிறுத்தியது. பத்து நாள் கதிர் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. போலீஸ் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் தங்கினார்கள். அவர்கள் கரும்பலகையில் எழுதிவைத்திருந்த சீட்டாட்டப் புள்ளிகளை அழித்துவிட்டுத்தான் நான் பாடம் தொடங்குவேன். பிறகு எப்படியோ பேசி முடித்தார்கள். அறுவடை முடிந்தது, மனக்கசப்பு முடியவில்லை.

இந்த லட்சணத்தில்தான், பங்குனியில் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சைக்கிள் பந்தயம் வைக்கலாம் என்றார் டிரில் மாஸ்டர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். கான்வாஸ் ஷூவுக்குத் தினமும் சுண்ணாம்பு பூசுவார். கழுத்தில் விசில் தொங்கும். அதை ஊதும் அளவுக்குக்கூட அவர் பேசமாட்டார். பெரியவர்களுக்கு ஐந்து மைல் வேகப் பந்தயம், குழந்தைகளுக்கு ஸ்லோ ரேஸ். ஸ்லோ ரேஸ் தெரியுமல்லவா? கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு, நடுவில் கால் தரையில் பட்டால் அவுட். சொந்த வண்டி இல்லாதவர்களுக்குக் கீழ்வேளூர் வாடகை சைக்கிள் கடையிலிருந்து வண்டி எடுத்து வருவதாகவும் ஏற்பாடு. எனக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. மூன்று மாதம் முன்னால் அரிவாளைத் தீட்டிக்கொண்டு நின்ற இரண்டு தெருவையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதப்போகிறேன் என்கிறாரே, இவருக்கு என்ன பித்தா என்று நினைத்தேன்.

மிராசுதாரிடம் அனுமதி கேட்க நானும் கூடப் போனேன். எதிர்பார்த்த சண்டை கொடியில்தான் வந்தது. தவறு செய்பவரை நிறுத்தச் சிவப்புக் கொடி வேண்டும் என்று டிரில் மாஸ்டர் சொன்னதும் மிராசுதார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “செவப்பு சங்கத்துக் கொடி. நம்ம தெருவுல பறக்கக் கூடாது” என்றார். கறுப்பும் சிவப்பும் ஆளுங்கட்சி. மூவர்ணம் எதிர்க்கட்சி. பச்சை வைக்கலாமா என்றால் அதற்கும் யாரோ இருந்தார்கள். வெள்ளை வைத்தால் சமாதானத்துக்கு வந்துவிட்டதாகக் கீழத்தெரு சொல்லுமாம். கடைசியில் டிரில் மாஸ்டர், “நான் உடுத்துற லுங்கில ஒரு துண்டு கிழிச்சுக்கிறேங்க. அதுல எந்தக் கட்சியும் இல்ல” என்றார். மிராசுதாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் பந்தய நோட்டீசையும் வாங்கிப் பார்த்தார். தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தேடியவர் கண்ணில் நான்காவது விதி படவில்லை. ‘புறப்பட்ட இடத்திலிருந்து முடியும் இடம் வரை, வழியில் எங்கேயும் காலைத் தரையில் ஊன்றுபவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்.’

ஸ்லோ ரேஸ் விதியை வேகப் பந்தயத்துக்கு எதற்கு எழுதினார் இந்த மனுஷன் என்று நானும் குழம்பினேன். திரும்பி வரும்போது மேலத்தெரு முனையில் எனக்குப் பிடிபட்டது. அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். கீழத்தெரு ஆள் யாராவது சைக்கிளில் வந்தால் அந்த மரத்தடியில் இறங்கிவிடுவார். தெரு நெடுக வண்டியை உருட்டிக்கொண்டே போய், மறுகோடியில் பிள்ளையார் கோயிலைத் தாண்டிய பிறகுதான் ஏறுவார். எந்தச் சட்டத்திலும் இல்லை. இறங்கு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, ஏன் இறங்கினாய் என்று யாரும் கேட்டதும் இல்லை. ஐந்து மைல் பந்தயத்தின் கடைசிப் பர்லாங்கு மேலத்தெருவில்தான், முடிவுக்கோடு பிள்ளையார் கோயில். குழந்தைகளின் ஸ்லோ ரேஸும் அதே தெருவில்தான். ஊரில் தார் போட்ட தெரு அது ஒன்றுதான். “டீச்சர், நீங்க இந்த மரத்தடியில கொடியோட நில்லுங்க” என்றார் டிரில் மாஸ்டர். எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் நாலு பேர் சாப்பிட்டார்கள்.

ஜெயிக்கக்கூடியவர் ஒருவர்தான் என்று ஊருக்கே தெரியும். அவர் மிராசுதாரின் மடைக்காரர். மதகு மதகாகப் போய்த் தண்ணீர் திறந்து அடைப்பது அவர் வேலை. அதற்காகப் பண்ணையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் கொடுத்திருந்தார்கள். ஒரு சாண் வரப்பில், தோளில் மண்வெட்டியோடு அவர் ஓட்டிப் போவதை நின்று பார்க்கலாம். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். பண்ணை ஆள் ஜெயித்தால் பண்ணைக்குத்தான் பெயர் என்று மிராசுதாரும் சந்தோஷமாகச் சரி சொல்லிவிட்டார். மடைக்காரர்தான் தயங்கினார். நான்காவது விதியை டிரில் மாஸ்டர் இரண்டு முறை படித்துக் காட்டினார். “எறங்கினா அவுட்டு. அதனால நீங்க எறங்க வேண்டியதில்ல. யாரும் கேட்டா ரூலுன்னு சொல்லுங்க.” மடைக்காரர் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, “ரூலு நல்ல ரூலுதான் சார். இது கேக்கணுமே” என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அப்போது சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

பந்தய நாளன்று காலை ஏழு மணிக்கே மேலத்தெரு வாசல்களில் பெஞ்சுகள் போட்டுவிட்டார்கள். கீழத்தெரு மொத்தமும் மரத்தடிக்கு இந்தப் பக்கம் நின்றது, கோடு போட்டதைப் போல. பதினாறு பேர் ஓட்டினார்கள். ஆற்றங்கரைச் சாலையில் புழுதி எழுந்தது. முதலில் வந்தது மடைக்காரர்தான். பின்னால் அரைப் பர்லாங்குக்கு யாருமில்லை. சட்டையின் முதுகு காற்றில் உப்பியிருந்தது. கீழத்தெருக் கூட்டம் கூச்சல் போட்டது. என் கையில் கொடி இருப்பதையே மறந்து நானும் குதித்தேன். மரத்தடிக்கு வந்தார். வேகம் குறைந்தது. வலது கால் பின்பக்கமாகச் சுழன்று வந்து தரையில் நின்றது. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நாலு எட்டு நடந்தும்விட்டார். நடந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்படியே நின்று தன் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

மூன்றாவது வீட்டு வாசலில் மிராசுதார் எழுந்து நின்றார். “ஏன்டா எறங்கின? ஏறுடா! ஏறு!” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அந்தத் தெருவில் அந்த வார்த்தையை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. மடைக்காரர் பெடலில் காலை வைத்தார். விதிப்படி நான் கொடியைத் தூக்க வேண்டும். மிராசுதார் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். “டீச்சர், பரவால்ல, விட்டுடுங்க.” விட்டிருக்கலாம். முதலாளி சொல்கிறார், கூட்டம் கெஞ்சுகிறது, அந்த மனிதர் ஜெயிக்க வேண்டும் என்று என் மனசும் அடித்துக்கொள்கிறது. ஆனால் இன்றைக்கு இறங்கியது பரவாயில்லை என்றால் என்றைக்கும் பரவாயில்லைதானே என்று ஒரு கோபம் எங்கிருந்தோ வந்தது. கொடியைத் தூக்கிவிட்டேன். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். பக்கத்து ஊர்ச் சைக்கிள் கடைப் பையன் ஜெயித்தான். மடைக்காரர் வண்டியைத் திருப்பி, கீழத்தெருக் கூட்டத்துக்குள் உருட்டிக்கொண்டு போய் மறைந்தார். நான் மரத்துக்குப் பின்னால் போய் அழுதேன்.

பத்து மணிக்கு ஸ்லோ ரேஸ். மடைக்காரர் மகள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். வாடகைக் கடையின் சின்ன வண்டி, எண்ணெய் வழியத் தலைவாரி, ரிப்பன் கட்டி. மிராசுதார் கொஞ்ச நேரம் முன்னால்தான் தன் வாயால் ஏறு என்று சொல்லியிருந்தார். இப்போது இறங்கு என்று எப்படிச் சொல்வார்? விசில் ஊதியதும் ஆறு குழந்தைகள் கிளம்பினார்கள். மேலத்தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் முதல் வீட்டிலேயே காலை ஊன்றிவிட்டார்கள். இவள் நகர்ந்தாள் என்று சொல்ல முடியாது. முன்சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஒடித்து, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, நின்றாளா போகிறாளா என்று தெரியாமல் போனாள். ஒவ்வொரு வீட்டையும் தாண்ட ஒரு யுகம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிராசுதார் வாசலில் வண்டி ஒருமுறை சாயப் போனது. கால் பெடலை விட்டு வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் கோட்டைத் தாண்டியோ அவுட்டாகியோ போன பிறகும் அவள் தெருவில் தனியாக வந்துகொண்டிருந்தாள். டிரில் மாஸ்டர் முடிவுக்கோட்டில் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றார். பரிசு எவர்சில்வர் டிபன்பாக்ஸ். மிராசுதார்தான் கொடுத்தார், பத்திரிகைக்குப் போஸ் கொடுப்பதைப் போல விறைப்பாக.

ஜூனில் பள்ளி திறந்தபோது டிரில் மாஸ்டருக்கு வேலை இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதாம். என்னை ஏன் விட்டுவைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது; பெண்பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். போகும் நாளில் அவர் டிரங்குப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மேலத்தெரு வழியாகத்தான் போனார், ஸ்லோ ரேஸ் வேகத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வேறு எங்கோ வேலை கிடைத்தது என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

போன மாதம் அந்தப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். பெண் என்ன பெண், அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், முட்டிவலி என்று என்னைவிட மெதுவாகப் படி ஏறுகிறாள். மிராசுதார் வீடு பூட்டிக் கிடக்கிறது, பேரன்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், மரத்தடியில் இப்போது வேகத்தடை போட்டிருக்கிறார்கள் என்றாள். ஐம்பது வருஷமாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு உன் அப்பாவை ஜெயிக்க விடாமல் செய்தவள் நான்தானே, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று.

“அதுக்கப்புறம் அப்பா அந்தத் தெருவுல எறங்கவே இல்ல டீச்சர். ஏறியும் போகல. சாவுற வரைக்கும் வாய்க்கால் கரையோட சுத்திதான் போவாரு” என்றாள். நான் தலை குனிந்துகொண்டேன். அவள் தொடர்ந்தாள். “அன்னைக்கு ரேசுலேர்ந்து நேரா வீட்டுக்கு வந்தாரு. நான் போட்டிக்குப் போகலேன்னு மூலைல உக்காந்துருந்தேன். ‘நம்ம பாட்டன் காலத்துலேர்ந்து அங்க எறங்காமப் போனாத்தான் தப்பு. எறங்கினது தப்புன்னு இன்னைக்குத்தான் ஒருத்தங்க கொடி காட்டியிருக்காங்க. நீ போ, எறங்காத’ன்னு சொல்லி அவருதான் எனக்கு ரிப்பன் கட்டிவிட்டாரு.”

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து துணியை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தையல் கோணலா இருக்கு டீச்சர்” என்றாள்.