பெட்டியா, காதா

சாயங்காலம் ஆபீஸ் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வந்ததும், எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் தீவின் ஓரத்தில் இருக்கும் மின்னி பே பக்கம் போவோம். கடலைப் பார்த்து நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டு வைப்பேன். மழை நாளில் கண்ணாடியில் ஆவி படிந்து, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீருக்கு அடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போனது. முழுக்கப் போகவில்லை. பேச்சு, குருவிச் சத்தம், குக்கர் விசில் எல்லாம் போய், தடித்த சத்தம் மட்டும் மிஞ்சியது. துறைமுகத்தில் கப்பல் ஊதுவது கேட்கும். அப்புறம், கார் டிக்கியில் நான் வைத்திருந்த சப்வூஃபர், தாளத்தின் தடித்த அடியை மட்டும் போடும் பெட்டி. பாடுகிறவரின் குரல் அவளுக்குக் கிடையாது; அந்தப் பெட்டி போடும் அடியை வைத்தே என்ன பாட்டு என்று சொல்லிவிடுவாள். வெளியே அவளோடு பேசக் கத்த வேண்டும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், எனக்குக் கூச்சமாகிவிடும். காருக்குள் அந்தச் சங்கடம் இல்லை.

இந்த வருஷம் மழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள், "பாட்டு வைக்கலையா?" என்றாள்.

"ஓடுதே" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பாட்டு தட்டையாக, டீக்கடையில் யாரோ மொபைலில் வைத்ததுபோலக் கேட்டது. பெட்டி அடிக்கவே இல்லை. அதற்குள் அவள் என் உதட்டைப் படித்துவிட்டாள். கை மெதுவாகக் காதுக்குப் போனது.

"அப்போ அதுவும் போச்சு" என்றாள்.

"பெட்டிதான் ரிப்பேர்" என்று கத்தினேன்.

"ஜூட் சொல்லாதீங்க. பொய் சொல்றப்ப மட்டும் நல்லா சத்தம் வருது உங்களுக்கு."

அவள் இதே தீவில், பெரார்கஞ்சில் பிறந்தவள். கோபம் வந்தால் தமிழில் இந்தி கலந்துவிடும். நான் பிறகு என்ன சொல்லியும் நம்பவில்லை. காற்று பலமாக இருந்ததால் அந்த வாரம் கப்பல்களையும் நிறுத்தியிருந்தார்கள். கப்பல் ஊதுவதைக் கேட்டுச் சரிபார்க்கவும் வழியில்லை. மூன்று நாள் அவள் காரில் ஏறவில்லை. எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸின் ஜன்னலருகே உட்கார்ந்து, மழை சரிவில் இறங்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாத மழை அவளுக்கு எப்படியிருக்கும் என்று நினைத்தபடி நானும் பார்த்தேன்.

கீழ் வீட்டு வங்காளி அண்ணன் டிக்கிக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "நமக் கா கயா, பாய்" என்றார். உப்பு தின்றுவிட்டதாம். இங்கே எது கெட்டாலும் அந்தத் தீர்ப்புதான். பெட்டியை அடிக்க வைக்கும் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிக் கப்பலில் சென்னைக்கு அனுப்பச் சொன்னார். போய் வர ஒரு மாசம் ஆகும். ஒரு மாசம் அவளை அந்த ஜன்னலில் விட என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொஞ்சம் வெயில் வந்தது. அவள் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தேன். முதலில் பெட்டியின் இரண்டு வயரையும் பிரித்து, டார்ச்சில் போடும் பேட்டரிக் கட்டையில் தொட்டேன். பெட்டியின் காகிதக் கூம்பு ஒரு துள்ளு துள்ளியது. அவள் உள்ளங்கையை அதில் வைத்து மறுபடி தொட்டேன்.

"கையில தெரியுது" என்றாள். "காதுல தெரியலையே."

பேட்டரியின் அந்தச் சின்ன 'டுப்' யார் காதுக்கும் பெரிதாக விழாது. சொன்னால் அவள் நம்பப்போவதில்லை. அடுத்ததைப் பார்த்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. கரன்ட் பார்க்கும் டெஸ்ட் லாம்பின் கிளிப்பைக் கதவின் போல்ட்டில் மாட்டி, ஆம்ப்ளிஃபையரின் பிளஸ்ஸைத் தொட்டேன். பல்பு எரிந்தது. முன்பக்க ஸ்டீரியோவிலிருந்து வரும் சின்ன வயரிலும் எரிந்தது. கரன்ட் வந்தும் ஆம்ப்ளிஃபையர் மட்டும் செத்துக் கிடந்தது. கிளிப்பைக் கதவிலிருந்து எடுத்து ஆம்ப்ளிஃபையரின் எர்த்தில் மாட்டி, திரும்பவும் பிளஸ்ஸைத் தொட்டேன். எரியவில்லை; அப்படியென்றால் கோளாறு எர்த்தில்தான்.

எர்த் வயர் போகும் வழியே விரலை ஓட்டினேன். டிக்கித் தரையில் ஒரு ஸ்க்ரூவில் முடிந்தது. அதைச் சுற்றிலும் புதுச் சிவப்பு.

மழைக்கு முன்னால் இங்கே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். உப்புக்காற்றில் துரு பிடிக்காமல் இருக்க, டிக்கித் தரை முழுக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தேன். எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் அடியிலும் இரண்டு கோட். பெயிண்ட் காய்ந்ததும் அதன் மேலேயே வைத்து முறுக்கிவிட்டேன். பெயிண்டைத் தாண்டிக் கரன்ட் போகாது. அதற்கப்புறம் அவள் காரில் ஏறிய முதல் சாயங்காலம்தான், பெட்டி அடிக்காமல் போன அந்த நாள்.

பெயிண்ட் படிந்த விரலைக் காட்டி, நான் செய்ததைச் சொன்னேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"துருவுக்கு அடிச்சீங்களா, என்னை நம்ப வைக்க அடிச்சீங்களா?" என்றாள். சிரிக்கவில்லை. இன்னும் நம்பவில்லை.

உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்தேன். சிவப்பு போய், சாம்பல் போய், இரும்பு வெள்ளையாக வந்தது. வயரை அதில் வைத்து முறுக்கினேன். ஆம்ப்ளிஃபையரில் பச்சை விளக்கு வந்தது. அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினேன். வழக்கமாக முதலில் வைக்கும் பாட்டையே வைத்தேன். அது வெறும் புல்லாங்குழலாக ஆரம்பிக்கும். அந்த அரை நிமிஷம் அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் சரிவில் வந்து போனது.

பிறகு தாளம் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இமைகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கியது. வெகுதூரத்திலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, எழுந்து வருகிறவள்போல அவள் தலை மெல்ல நிமிர்ந்தது. பாட்டு பாதியானபோது என் தோளைத் தட்டினாள்.

"மாத்துங்க."

"கேக்குதா?"

"கேக்குது. நாலு வருஷமா சொல்லணும்னு நினைக்கிறேன், இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

மாற்றினேன்.