வாசலுக்குள் அடங்காத பெட்டகம்

"மேற்படி வீட்டில் வசிக்கும் சிவக்கொழுந்து, விவாகமாகாதவர், தொழில் இல்லை, உரிமைக்காரரின் பராமரிப்பில் இருப்பவர், இந்தப் பிரிவினையில் எவ்வித சம்பந்தமும் அற்றவர்."

1961இல் நொத்தாரிசு எழுதிய பாகப்பிரிவினை உறுதிப் பத்திரத்தில் சிவக்கொழுந்தைப் பற்றி உள்ளது இவ்வளவே. படுக்கையில் விழுந்த தமக்கையை வருடக்கணக்காகத் தூக்கித் திருப்பிக் கழுவியதைத் தொழிலென்று கொள்ளாவிட்டால் அதில் பிழை இல்லை. பராமரிப்பு என்றதும் சரிதான், யார் யாரைப் பராமரித்தார் என்று கேட்காத வரைக்கும்.

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான நாரந்தனையில் இருந்த அந்த வீடு தமக்கையின் சீதனம். இளையவளுக்கு வேறு வீடு கட்டுவேன் என்று தகப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் அவருடைய தோணி நாகபட்டினத்துக்குப் போகும் வழியில் தாழ்ந்துவிட்டது. ஒல்லாந்தர் எழுத்தில் வைத்துவிட்டுப் போன நமது தேசவழமைச் சட்டம், பெண்ணுக்குக் கொடுத்தது யாரைச் சேரும் என்பதில் வெகு தெளிவானது. ஒன்றும் கொடுபடாத பெண் எங்கே படுப்பாள் என்பதை அது சொல்லவில்லை. சிவக்கொழுந்து பெட்டகத்தின் மேல் படுத்தாள்.

அது நடு அறையை அடைத்துக்கொண்டு நின்ற முதிரை மரப் பெட்டகம். உள்ளே தமக்கையின் கூறைச்சேலையும் வெண்கலப் பாத்திரங்களும். மேலே சிவக்கொழுந்தின் பாய். காவலுக்கு ஒரு ஆள் என்று குமரியில் ஏறிப் படுத்தவள், தலை நரைத்த பிறகும் இறங்கவில்லை.

தமக்கை செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் அவளுடைய மக்கள் இருவரும் பங்கு பிரித்தார்கள். மாத்தறையில் கடை வைத்திருந்த மூத்தவர் வைத்திலிங்கம் செம்பு, கிண்ணி எல்லாவற்றையும் தராசில் போட்டார். கொழும்பில் கிளாக்கராக இருந்த அரியநாயகம் பாரமில்லாத பழஞ்சாமான்களைத் தட்டிப் பார்த்து வைத்துக்கொண்டார். வீடு மூத்தவருக்கு, பெட்டகம் இளையவருக்கு. வீட்டைப் பூட்டுவது, சின்னம்மா ஆறு மாதம் மாத்தறையில், ஆறு மாதம் கொழும்பில்.

"என்ன சின்னம்மா, சரிதானே?"

"ஓம் மோனை."

அவள் வேறு பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆகவே அது சம்மதமாகக் கொள்ளப்பட்டது. கண் காணாத ஊர்களில், மருமகளவையின் குசினி அடுப்பு மூலையில் மாறி மாறிச் சுருட்டி விரிக்கப்போகிற பாயை அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

லொறி வந்தது. பெட்டகம் வாசலுக்குள் அடங்கவில்லை.

"அண்ணை, நிலையைக் கழட்டி, சுவரிலயும் கொஞ்சம் இடிச்சா எடுக்கலாம்."

"சுவர் என்ர பங்கு. உன்ர பெட்டகத்தை அறு."

"ஒல்லாந்தன் காலத்துச் சாமானை அறுக்கவோ? உங்கட கடை விறகெண்டு நினைச்சியளோ?"

"அப்ப கொழும்பில இருந்து கனவு காண்."

அரியநாயகம் திரும்பினார். "சின்னம்மா, இது எப்பிடி உள்ளுக்கு வந்தது?"

"ஆருக்குத் தெரியும் மோனை? நான் கண் முழிச்ச நாள் தொட்டு உதிலதான் கிடக்கு."

அது பொய். தகப்பன் அதை யாழ்ப்பாணத்தில் ஏலத்தில் எடுத்து, பலகை பலகையாக வள்ளத்தில் கொண்டுவந்து அறைக்குள் வைத்துப் பொருத்துவித்தபோது அவள் பாவாடை கட்டிய பிள்ளை. அடியில் பலகைகளைப் பிணைக்கும் நான்கு மரமுளைகள். தட்டினால் எல்லாம் கழன்றுவிடும். வருடா வருடம் பொங்கலுக்கு முன் அடியில் புகுந்து அவற்றைத் துடைப்பவளும் அவள்தான்.

மறுநாள் ஊர்காவற்றுறையிலிருந்து தச்சர் யாக்கோப்பு வந்தார். டோர்ச் லைட்டோடு அடியில் புகுந்து, தடவித் தடவிப் பார்த்து, முதுகெல்லாம் தூசியோடு வெளியே வந்தார்.

"ஐயா, உதில முளையும் இல்லை, மூட்டும் இல்லை. ஒரே கட்டு. அறுக்கத்தான் வேணும்."

தம்பி அறுக்கவிடவில்லை. அண்ணன் இடிக்கவிடவில்லை. தம்பியின் பொருள் கிடக்கும் வீட்டின் சாவியை அண்ணன் வைத்திருக்கத் தம்பி சம்மதிக்கவில்லை. தம்பியிடம் கொடுக்க அண்ணனுக்கு விசர் பிடிக்கவில்லை. கடைசியில் எவ்வித சம்பந்தமும் அற்றவரிடம் சாவி கொடுபட்டது. ஆறு மாதக் கதை நின்றுபோயிற்று.

சகோதரர்கள் அன்றோடு கதைக்காமல் விட்டார்கள். ஒருவருடைய பிள்ளைகளை மற்றவர் கண்டதில்லை. சில வருடத்தில் வைத்திலிங்கம் மாத்தறையில் நெஞ்சு வலித்துச் செத்தார். தம்பி தந்தி அடித்தார், போகவில்லை. வைத்திலிங்கம் தவழ்ந்த நாளில் அவரை இடுப்பில் சுமந்தவள் சிவக்கொழுந்து. பெட்டகத்தின் மேல் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். முளைகளின் கதையை அப்போதும் யாருக்கும் சொல்லவில்லை.

1974 மாரியில், கூரை ஒழுகாத பக்கமாகப் பாயை இழுத்துப் போட்டபடி, பெட்டகத்தின் மேலேயே அவள் சீவன் போனது. அவளைக் கொண்டுபோக அந்த வாசல் தாராளமாகப் போதும்.

பதின்மூன்று வருடத்துக்கு முன், யாக்கோப்பு வந்த அன்று காலை, தமக்கையின் மக்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், சிவக்கொழுந்து பெட்டகத்தின் அடியில் புகுந்தாள். மெழுகை உருக்கி, விளக்குக் கரியோடு குழைத்து, நான்கு முளைகளையும் மூடிப் பூசினாள். மேலே ஒரு பிடி தூசியைத் தூவித் தேய்த்தாள். தச்சர் வந்ததும் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.